கிளிப் போட்ட பிறகு விளக்கை ஏன் அணைக்கிறார்கள்?

போன இதழில் மூளை ரத்தக்குழாயில் வரும் அனூரிசம் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அதனால் சர்க்கரை, முழங்கால் வலிக் கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அறுவை சிகிச்சை செய்கிறவன் இல்லை, மயக்க மருந்து கொடுக்கிறவன். நியூரோ தியேட்டரில் என் இடம் நோயாளியின் கால்மாட்டுப் பக்கம், ஒரு ஸ்டூல், எதிரில் திரை. ஆனால் இந்த மாதம் அதிகம் பேர் கேட்டிருக்கிற அந்தப் பச்சைச் சாயத்தை ஊசியில் ஏற்றுகிறவன் நான்தான் என்பதால், எனக்கும் பேச உரிமை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்து, மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். வெளியே வந்த டாக்டர், "கிளிப் போட்டுட்டோம், பச்சைச் சாயம் விட்டு ரத்த ஓட்டமும் பாத்துட்டோம், நல்லா இருக்கு" என்றார். அந்த நேரத்தில் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது, கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கிளிப் போட்டால் போதாதா, அது என்ன பச்சைச் சாயம்? (வாசகி, தஞ்சாவூர்)

கும்பிட்டது சரிதான். கேள்வியும் நல்ல கேள்வி.

பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் நைந்துபோய், காற்றடிக்கும்போது அங்கே மட்டும் கொப்புளம் மாதிரி புடைக்கும், பார்த்திருப்பீர்கள். அனூரிசமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரும்பாலும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற கவட்டையில் வரும். புடைப்புக்கு ஒரு கழுத்து இருக்கும். கிளிப் என்பது துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரியே ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டிச் சாமான், இப்போது பெரும்பாலும் டைட்டானியத்தில் செய்கிறார்கள். அதைக் கழுத்தில் போட்டுவிட்டால் புடைப்புக்குள் ரத்தம் போகாது, தாய்க்குழாயில் மட்டும் வழக்கம்போல ஓடும்.

கேட்க இவ்வளவுதான். ஆனால் கிளிப் இரண்டு விதமாக ஏமாற்றும். கொஞ்சம் தள்ளி விழுந்தால் கழுத்தில் ஒரு மூலை மூடாமல் நிற்கும், அது பிறகு வளரலாம், வெடிக்கலாம். சரி, நன்றாக உள்ளே தள்ளிப் போடுவோம் என்றால் பக்கத்தில் போகிற நல்ல குழாயையே நசுக்கிவிடும். அந்தக் குழாய் சில சமயம் நூல் போலத்தான் இருக்கும். முன் கோராய்டல் தமனி என்று ஒன்று உண்டு, ஒரு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது, கிளிப் போடுகிற இடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போகும். அது அடைபட்டால் உடம்பின் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடலாம். ஆபரேஷன் வெற்றி, நோயாளி எழுந்தால் பக்கவாதம் என்கிற கொடுமை அப்படித்தான் நடக்கும்.

இதில் வேதனை என்னவென்றால், மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும், ரத்தம் ஓடுகிற குழாயும் ரத்தம் நின்றுபோன குழாயும் வெளியிலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் கறுத்து, துடிப்பு குறைந்து தெரியும் என்பார்கள், ஆனால் அந்தச் சந்தேகத்தை நம்பி ஒருவரின் வலது கையைப் பணயம் வைக்க முடியாது. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்ட்டர் டாண்டி என்பவர் முதன்முதலாக ஒரு அனூரிசத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் போட்டார். அந்த நோயாளி பிழைத்தார். ஆனால் கிளிப் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க டாண்டிக்கு இருந்தது அவருடைய இரண்டு கண்கள் மட்டும்தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே நிலைதான்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், கிளிப் போட்டதும் சர்ஜன், "ஐ.சி.ஜி. குடுங்க சார்" என்பார். இண்டோசயனின் கிரீன் என்பதன் சுருக்கம். சின்னக் குப்பியில் 25 மில்லிகிராம் கரும்பச்சைத் தூள். கூடவே வருகிற சுத்தமான தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சலைனில் கரைத்தால் திரிந்துபோகும், புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். கரைத்ததும் பார்த்தால் அசல் கருவேப்பிலைச் சட்னி நிறம். ஐந்து மில்லி அளவுக்குச் சிரை வழியாக ரத்தத்துக்குள் வேகமாகத் தள்ளி, பின்னாலேயே சலைன் விட்டுக் கழுவிவிடுவேன். (ரத்தத்தில் போய்விட்ட பிறகு சலைன் பட்டால் ஒன்றும் ஆகாது, கரைக்கும்போதுதான் வம்பு.)

அந்த நேரம் மைக்ராஸ்கோப்பின் வெள்ளை வெளிச்சம் மாறி, திரை கறுப்பாகிவிடும். அறை விளக்கையும் அணைத்துவிடுவார்கள். என் மானிட்டர் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். யாரும் பேச மாட்டார்கள். 10 வினாடி, 15 வினாடி, சிலருக்கு 20 ஆகும். திடீரென்று கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். அது தமனி. அப்புறம் மூளையின் மேல்தோல் முழுக்க மார்கழிப் பனி மாதிரி மெல்ல வெளுக்கும். அது நுண்குழாய்கள். கடைசியாக, தடித்த சிரைகள் நிரம்பும். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள். இத்தனை வெள்ளைக்கும் நடுவில் அந்தப் புடைப்பு மட்டும் கன்னங்கரேலென்று கறுப்பாகவே இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்தக் கறுப்பைத்தான்.

கவனித்தீர்களா, பச்சை எங்கேயும் வரவில்லை. குப்பியில்தான் பச்சை. ரத்தத்துக்குள் போனதும் அது பிளாஸ்மா புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், குழாயை விட்டு வெளியே கசியாது. அதன் மேல் சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அதைவிடச் சற்றே நீளமான இன்னொரு அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி உமிழும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் இருக்கிற தனிக் கேமராவுக்குத்தான் தெரியும். அதனால்தான் இருட்டு, அதனால்தான் கறுப்பு வெள்ளைப் படம். ரத்தம் எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும் வெளிச்சம்.

ஒரு முறை நடுப் பெருமூளைத் தமனியில் போட்ட கிளிப். சாயம் விட்டோம், புடைப்பு கறுப்பு, எல்லோருக்கும் சந்தோஷம், யாரோ விளக்கைப் போடப் போனார்கள். சர்ஜன் மட்டும் "இருங்க" என்றார். மேலே போகிற இரண்டு கிளைகளில் ஒன்று சுண்ணாம்புக் கோடு மாதிரிப் பளிச்சென்று இருந்தது, இன்னொன்று பல வினாடி கழித்துத்தான், அதுவும் அழுக்குச் சாம்பலாக வந்தது. வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே நிறம், ஒரே பருமன். கிளிப்பைத் திறந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அவ்வளவு நகர்த்திப் போட்டார். முதல் சாயம் வடிந்துபோக 10 நிமிடம் காத்திருந்து மறுபடி விட்டோம், இரண்டு கிளையும் ஒன்றாக வெளுத்தன. அந்த நோயாளி மறுநாள் என்னிடம் காபி கேட்டார், தெளிவாக.

உங்கள் அம்மாவுக்கும் அந்த டாக்டர் இதைத்தான் பார்த்திருக்கிறார்.

கேள்வி: கிளிப்பை எடுத்து மறுபடி போட்டார்கள் என்றால் முதலில் தப்பாகப் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்? (வாசகர், கோவில்பட்டி)

இல்லை. தையற்காரர் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லி மறுபடி பிரித்துத் தைத்தால் கெட்ட தையற்காரரா? போட்டுப் பார்க்காமலே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவரிடம்தான் எனக்குப் பயம்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். இந்த ஐ.சி.ஜி. சாயத்தை போட்டோ பிலிம் கம்பெனி கண்டுபிடித்தது என்று எங்கள் சார் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா? (மாணவர், விருதுநகர்)

விளையாட்டில்லை தம்பி, உங்கள் சார் சொன்னது உண்மை. அது கோடக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சாயம். பிலிமில் அகச்சிவப்பு ஒளியைப் பதிய வைக்கிற சாயங்களில் அவர்கள் கில்லாடிகள். 1950களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இர்வின் ஃபாக்ஸ், ஏர்ல் உட் என்பவர்கள் இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அளக்க ஒரு சாயம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிரச்சினை சுவாரசியமானது. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடினால் ஒரு நிறம், குறைந்தால் ஒரு நிறம், ஆகவே சாயத்தின் அளவை ஒளியால் அளக்கப் போனால் ஆக்சிஜன் நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும். ஆனால் 800 நானோமீட்டர் பக்கத்தில் ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் ஒளியை ஒரே அளவுதான் உறிஞ்சும். சரியாக அந்த இடத்தில் உறிஞ்சுகிற சாயம் கிடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அப்படி அமைந்ததுதான் இது. அமெரிக்காவில் 1959லேயே மனிதர்களுக்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்துவிட்டது.

அதன் பிறகு கல்லீரல் வேலை செய்கிறதா என்று பார்க்க, கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற ரத்தக்குழாய்களைப் படமெடுக்க என்று சுற்றிக்கொண்டிருந்தது. மூளை அறுவை சிகிச்சைக்கு வர 2003 ஆகிவிட்டது. அந்த ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஆண்ட்ரியாஸ் ராபே என்ற நரம்பியல் சர்ஜனும் அவருடைய குழுவினரும் இதை வெளியிட்டார்கள். 40 வருஷத்துக்கு மேலாக மருந்து அலமாரியிலேயே இருந்த சாமான்! புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பழைய மருந்துக்குப் புதிய கேமரா கிடைத்தது, அவ்வளவுதான். இயற்பியல் படிக்கிறவர் நீங்கள், இது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தடிப்புத் தடிப்பாக வரும். சிறுநீரகமும் கொஞ்சம் மந்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். தலையில் அனூரிசம் இருக்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன். இந்தச் சாயம் எனக்கு ஆகுமா? (வாசகி, நாகப்பட்டினம்)

நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு இறால் சாப்பிட முடியாதது பெரிய சோகம்தான் அக்கா. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இந்தக் குழப்பம் டாக்டர்களிடமே உண்டு. ஐ.சி.ஜி. தூளில் கொஞ்சம் சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது என்பது நிஜம். ஆகவே முன்பு ஸ்கேன் எடுக்கும்போது போட்ட அயோடின் மருந்துக்கோ இந்தச் சாயத்துக்கோ மூச்சுத் திணறல், தடிப்பு என்று வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அப்போது வேறு வழி பார்ப்போம். தைராய்டுக்கு ரேடியோ அயோடின் பரிசோதனை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள், இந்தச் சாயம் போட்டால் ஒரு வாரமாவது அதைத் தள்ளிவைக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். இந்தச் சாயத்தைக் கல்லீரல் மட்டுமே பிடித்து, பித்தநீர் வழியாக வெளியே தள்ளுகிறது. சிறுநீரகத்துக்கு அதில் வேலையே இல்லை. ரத்தத்தில் இருக்கிற அளவு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகிக்கொண்டே போகும், அதனால்தான் ஒரே ஆபரேஷனில் இரண்டு மூன்று முறை போட முடிகிறது. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, அதற்குத்தான் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் அளவிடும் கருவி இருக்கிறதே, கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கினீர்களே, அதுவும் ஒளியை வைத்துத்தான் அளக்கிறது. பச்சைச் சாயம் விரலுக்கு வந்து சேரும்போது அது குழம்பிப்போய், நோயாளி நன்றாக இருக்கும்போதே ஆக்சிஜன் குறைகிறது என்று கூப்பாடு போடும். முதல் தடவை நான் பதறிப்போய்க் குழாயெல்லாம் சோதித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் தானாகவே 99க்கு வந்து நின்றது. சீனியர் சிரித்துக்கொண்டு நின்றார், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

கேள்வி: என் தம்பிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் கிளிப் போட்டார்கள். சாயம் விட்டுப் பார்த்தோம், எல்லாம் சரி என்றார்கள். ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ எடுத்தால் கழுத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அப்படியானால் அந்தச் சாயம் எதற்கு? கண்துடைப்பா? (வாசகர், சேலம்)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கண்துடைப்பு இல்லை, சாயத்துக்குக் கண் ஒரே பக்கம்தான்.

ஐ.சி.ஜி. காட்டுவது மைக்ராஸ்கோப்பின் நேர்ப் பார்வையில் படுகிற குழாய்களை மட்டும். கிளிப்புக்குப் பின்னால், மூளை மடிப்புக்கு அடியில், உறைந்த ரத்தக் கட்டிக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது. அங்கே வெளிச்சமும் போகாது, திரும்பியும் வராது. வயதானவர்களுக்குக் குழாய்ச் சுவரே சுண்ணாம்பு படிந்து தடித்திருக்கும், உள்ளே ஓட்டம் இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். கழுத்தின் மிச்சம் பின்பக்கத்தில் இருந்திருந்தால் திரையில் வந்திருக்கவே வாய்ப்பில்லை.

இதை ஆரம்பத்திலேயே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். 2005ல் பிராங்க்பர்ட் குழுவும் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் பேரோ நரம்பியல் நிறுவனத்தின் சர்ஜன் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் சேர்ந்து 114 நோயாளிகளின் 124 அனூரிசங்களில் செய்து பார்த்து வெளியிட்டார்கள். உண்மையான ஆஞ்சியோவோடு (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே படம்) ஒப்பிட முடிந்தவற்றில் 90 சதவீதம் ஒத்துப்போனது. ஒத்துப்போகாதவற்றில் பெரும்பாலானவை ஓட்டத்தைப் பாதிக்காத லேசான சுருக்கங்கள். ஆனால் கழுத்தில் மிச்சமிருந்ததைத் தவறவிட்ட சம்பவங்களும் அதில் உண்டு. இன்னொரு பக்கம், 9 சதவீதம் பேருக்கு இந்தச் சாயம் சர்ஜனுக்கு முக்கியமான தகவல் கொடுத்தது, அதில் பெரும்பாலானவற்றில் கிளிப்பைத் திருத்திப் போட்டார்கள். நூற்றுக்கு ஒன்பது என்பது எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "சாயம் விட்டீர்களா" என்பதோடு நிற்கக் கூடாது. வேறு எதை வைத்துப் பார்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். நல்ல தியேட்டரில் ஒன்றுக்கு மேல் இருக்கும். பென்சில் மாதிரி ஒரு டாப்ளர் கருவி, அதன் நுனியைக் குழாயில் வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் "ஷூ ஷூ" என்று ஸ்பீக்கரில் கேட்கும், புடைப்பின் மேல் வைத்தால் சத்தமே கேட்கக் கூடாது. ஓட்டம் இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேறொரு மீயொலிக் கருவி உண்டு, கொக்கி மாதிரிக் குழாயைச் சுற்றிப் பிடித்து நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று எண்ணிலேயே சொல்லும். சிகாகோவில் ஃபாடி சார்பெல் என்ற சர்ஜன் இதை மூளை ஆபரேஷனில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். கிளிப் போடும் முன் ஒரு எண், போட்ட பின் ஒரு எண். பாதியாகக் குறைந்திருந்தால், திரையில் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் எங்கோ நெரிகிறது என்று அர்த்தம். வெள்ளை என்பது வெள்ளைதான். அதில் கால்வாசி ஓட்டமும் முழு ஓட்டமும் சில சமயம் ஒரே மாதிரி தெரியும், சாயத்தின் பெரிய பலவீனம் இது என்பது என் கருத்து.

அப்புறம் கை காலுக்குப் போகிற மின்சிக்னலைப் பார்ப்பது. மண்டையில் சின்ன மின்தூண்டல் கொடுத்தால் கட்டைவிரல் துடிக்க வேண்டும். துடிப்பு குறைந்தால் நூல் குழாய் ஏதோ அடைபடுகிறது. இது மயக்க மருந்து கொடுக்கிற எங்களுக்குத் தொல்லை பிடித்த விஷயம், ஏனென்றால் தசையைத் தளர்த்துகிற மருந்தைக் கொடுக்க முடியாது, நோயாளி அசையவும் கூடாது, கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி. இருந்தாலும் நான் அதற்கு ஓட்டுப் போடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேல் ஆஞ்சியோ. 1927ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் முதன்முதலாக மூளைக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டினார். இன்றுவரை கடைசித் தீர்ப்பு அந்த முறையின் வாரிசுதான். எல்லாக் கோணத்திலும், கிளிப்புக்குப் பின்னாலும் தெரியும். தியேட்டரிலேயே எடுக்கலாம், ஆனால் அதற்கு வசதியுள்ள அறை, தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைக்க ஆள், கதிர்வீச்சு, நேரம் எல்லாம் வேண்டும். ஒரு நூல் குழாய் அடைபட்டிருந்தால் அந்த நேரம்தான் எமன். சாயம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. உங்கள் தம்பிக்குச் சாயமும் தேவை, ஆறு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோவும் தேவை. அந்த மிச்சம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். மிகச் சிறியதென்றால் வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பார்கள், பெரிதென்றால் ரத்தக்குழாயின் உள்வழியாகக் காயில் என்கிற சுருள் கம்பி வைத்து அடைக்கவும் முடியலாம். படத்தை இன்னொரு நியூரோ சர்ஜனிடமும் காட்டுங்கள், அதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: இந்தக் காலத்தில் போய் மண்டையைத் திறக்கிறார்களே! தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பதுதான் லேட்டஸ்ட் என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார். (வாசகர், திருவள்ளூர்)

உங்கள் மச்சான் பாதி சரி. கம்பி என்று அவர் சொல்வது பிளாட்டினம் காயில். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குய்டோ குக்லியெல்மி கொண்டுவந்தது. 2002ல் வெளியான ஐசாட் என்ற ஆய்வில், வெடித்த அனூரிசம் உள்ள 2143 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு வருடம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் சேர்த்து, காயில் பக்கம் 23.7 சதவீதம், கிளிப் பக்கம் 30.6 சதவீதம். அதிலிருந்து உலகமே காயில் பக்கம் சாய்ந்தது.

மச்சான் சொல்லாமல் விட்ட பாதி இது: அந்த ஆய்வில் சேர்த்தது இரண்டு முறைக்குமே ஏற்றது என்று டாக்டர்கள் நினைத்த புடைப்புகளை மட்டும்தான். கழுத்து அகலமாக இருப்பது, புடைப்பிலிருந்தே கிளை கிளம்புவது, நடுப் பெருமூளைத் தமனியின் கவட்டையில் இருப்பது, கூடவே பெரிய ரத்தக் கட்டி அழுத்திக்கொண்டிருப்பது என்று வந்தால், இன்றும் பல இடங்களில் திறந்து கிளிப் போடுவதுதான் நல்லது என்பார்கள். காயிலில் மறுபடி திறந்துகொள்கிற வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். இரண்டும் செய்யத் தெரிந்த குழு உள்ள இடத்தில் முடிவெடுங்கள். ஒன்று மட்டுமே செய்யத் தெரிந்தவர் அதைத்தானே சொல்வார்.

கேள்வி: என் மாமியாருக்கு மூளை ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் பார்த்தால் முகமெல்லாம் மஞ்சள், சிறுநீர்ப் பை பளீரென்று மஞ்சள். மஞ்சள் காமாலை என்று பயந்துபோய் அழுதுவிட்டோம். நர்ஸ் "சாயம்தான்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் பச்சை என்கிறீர்களே? (வாசகி, பெங்களூரு)

அது வேறு சாயம், ஃப்ளூரெசின். 1871ல் அடால்ஃப் வான் பேயர் தயாரித்த கிழவர். மூளை ஆபரேஷனில் ரத்த ஓட்டம் பார்க்க 1967லேயே மான்ட்ரியலில் வில்லியம் ஃபின்டல் இதைப் பயன்படுத்தினார், அதாவது பச்சைக்கு மஞ்சள் அண்ணன். நீல ஒளி பட்டால் மஞ்சள் பச்சையாக மின்னும். அந்த மின்னல் நம் கண்ணுக்கே தெரிகிற ஒளி என்பதால், சர்ஜன் திரையைப் பார்க்காமல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே, கை வேலையை நிறுத்தாமல் பார்க்கலாம். ஆழத்தில் இருக்கிற சின்னக் குழாய்களுக்கு இது நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சர்ஜன்கள் நிறைய. குறை என்னவென்றால் சீக்கிரம் போகாது, அக்கம்பக்கத் திசுவிலும் கசிந்து நிற்கும், கிளிப்பை நகர்த்திவிட்டு உடனே மறுபடி பார்க்க முடியாது. இதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அதனால் தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஒரு நாளோ ஒன்றரை நாளோ மஞ்சளாக இருக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருக்க வேண்டாம். சொல்லாதது எங்கள் பக்கத்துத் தப்பு.

கேள்வி: எனக்கும் தலைவலி வருகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடட்டுமா? (வாசகர்கள் ஏழு பேர், பல ஊர்கள்)

நூறு பெரியவர்களை எடுத்துக்கொண்டால் சுமார் மூன்று பேருக்கு வெடிக்காத அனூரிசம் இருக்கும், அதில் பெரும்பாலானவை கடைசிவரை வெடிக்காது. சாதாரணத் தலைவலிக்கு அது காரணமும் இல்லை. தெரியாமலே நிம்மதியாக இருக்க வேண்டியவரைத் தெரியவைத்துத் தூக்கமில்லாமல் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கூடப்பிறந்தவர், அப்பா, அம்மா, பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இருந்தால் எடுத்துப் பாருங்கள். புகை பிடித்தால் விடுங்கள், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். ஆனால் தலையில் இடி விழுந்த மாதிரி, வாழ்க்கையில் வந்ததே இல்லை என்கிற தலைவலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போனால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்கினாலும் அப்படியே.

கேள்வி: தலையில் கிளிப்போடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா? (வாசகர், திருச்சி)

டைட்டானியம் கிளிப் என்றால் பொதுவாக எடுக்கலாம். படத்தில் கிளிப் இருக்கிற இடம் மட்டும் ஒரு கறுப்பு ஓட்டையாகத் தெரியும். ரொம்பப் பழைய ஸ்டீல் கிளிப்புகளில் சில, காந்தத்துக்கு இழுபடும், அது ஆபத்து. எனவே என்ன கிளிப், எந்த மாடல், எந்தத் தேதி என்று மருத்துவமனை ஒரு அட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியோ கொடுத்திருக்கும். கொடுக்கவில்லை என்றால் விடாமல் கேட்டு வாங்குங்கள். அதைப் போனில் படம் எடுத்து மனைவி, பிள்ளை போனுக்கும் அனுப்பிவிடுங்கள், நீங்கள் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் உங்கள் போனின் பூட்டு யாருக்கும் தெரியாது. ஏர்போர்ட்டில் பொதுவாகச் சத்தம் வராது, அவ்வளவு சின்ன சாமான் அது. பெல்ட்டைக் கழற்ற மறந்தால்தான் வரும்.

அடுத்த இதழில் முழங்கால்.